காட்டுக்குக் குடிபோன குடும்பங்கள்: செவ்வாய்ப்பேட்டையைச் சுற்றிய தோட்டக் குடியிருப்பின் வரலாறு

சேலம், நாமக்கல் சமவெளியில் வேளாண் குடும்பங்களின் குடியிருப்பு இரண்டு வகை. கோயிலும் சாவடியும் தெருக்களுமாக நெருங்கி அமைந்த ஊருக்குள் இருப்பது ஒரு வகை. ஊரை விட்டு விலகி, சொந்த நிலத்தின் நடுவே கிணற்றையும் கால்நடையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு தனி வீட்டில் இருப்பது இன்னொரு வகை. தஞ்சைச் சமவெளியில் இந்த இரண்டாவது வகை அரிது. அங்கே ஆற்றுநீர் பொது, வயல் ஓரிடம், வீடு ஓரிடம். சேலத்தில் தண்ணீர் அவரவர் கிணற்றில் இருந்ததால் வீடும் கிணற்றைத் தேடிப் போயிற்று.

இந்தப் பக்கத்தில் காடு என்று சொல்வது வனத்தை அல்ல, மழையை நம்பி விதைக்கும் மேட்டு நிலத்தை. அதிலேயே கிணறு வெட்டிப் பாசனம் வந்துவிட்டால் அது தோட்டம். காட்டிலோ தோட்டத்திலோ முதலில் போடப்படும் கூரைக்குக் கொட்டாய் என்று பெயர். அந்தக் கொட்டாய் வீடாக வளர்ந்து, அண்ணன் தம்பி பிரிந்து பக்கத்திலேயே இன்னும் இரண்டு வீடு எழும்பினால் அது வளவு. சேலம், தருமபுரி மாவட்டங்களில் காடு, கொட்டாய், வளவு என்று முடியும் சிற்றூர்ப் பெயர்கள் நிறைய உண்டு. ஏதோ ஒரு குடும்பம் மாடு கன்றோடு ஊரைவிட்டுப் போய்க் குடியேறியதை அவற்றில் பல இன்றும் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

இப்படிச் சிதறிக் கிடந்த தோட்டங்களுக்கு ஒரு மையம் வேண்டும். விளைந்ததை விற்க, வேண்டியதை வாங்க, கடன் கேட்க, செய்தி அறிய ஓரிடம் வேண்டும். சேலம் நகரத்தின் பழைய பகுதிகளில் ஒன்றான செவ்வாய்ப்பேட்டை அத்தகைய இடம். கோட்டை, குகை போன்ற பழம்பகுதிகளை அடுத்து, திருமணிமுத்தாற்றை ஒட்டி எழுந்த வணிகப் பேட்டை அது. செவ்வாய்தோறும் கூடிய சந்தையே அதற்குப் பெயர் தந்தது. தானியம், பருப்பு, புளி, மிளகாய், வெல்லம் என்று மொத்த வியாபார மண்டிகள் அங்கே பெருகின. லீ பஜார் அந்த மண்டி வாழ்க்கையின் தொடர்ச்சி. பின்னாளில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளால் செவ்வாய்ப்பேட்டையின் பெயர் நாடெங்கும் போயிற்று. ஆனால் அதன் அடித்தளம் சுற்றுவட்டாரத் தோட்டங்களின் விளைச்சல்தான். ராகியும் கம்பும் சோளமும் நிலக்கடலையும் வண்டியேறி வந்த பேட்டை அது.

பேட்டையின் வீடுகள் வேறு மாதிரி. தெருவை ஒட்டித் திண்ணை, உள்ளே நீண்டு ஒடுங்கிய கூடம், கடைசியில் புறக்கடை. ஒரு பசுவையோ எருமையையோ புறக்கடையில் கட்டிப் பால் கறப்பது பேட்டைக் குடும்பங்களுக்கும் வழக்கமாக இருந்தது. ஒரு மாட்டுக்கு அந்த இடம் போதும். ஓர் உழவு ஜோடி, இரண்டு எருமை, கன்றுகள், இருபது ஆடு என்றால் போதாது. கால்நடை பெருகினால் நிலத்துக்குத்தான் போக வேண்டும். சந்தையும் தோட்டமும் ஒன்றையொன்று நம்பியிருந்தாலும் இரண்டின் இட அளவும் வேறு.

மக்கள் எப்போது ஊரைவிட்டு நிலத்துக்குக் குடிபோகத் தொடங்கினர் என்பதற்கு ஒரே ஆண்டைச் சொல்ல முடியாது. ஆனால் அதற்கு வழிவிட்ட காலம் தெரியும். 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஹைதர் அலி, திப்பு சுல்தான் படைகளுக்கும் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் நடந்த போர்களில் சேலத்துச் சமவெளி பலமுறை படைகளின் வழித்தடமாயிற்று. படை வரும் நாட்டில் மாட்டையும் தானியத்தையும் வைத்துக்கொண்டு தனியாகக் காட்டில் குடியிருப்பது ஆபத்து. 1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி சேலத்துக்கு வடக்கே உள்ள பாராமகாலும் சேலமும் கம்பெனியின் கைக்கு வந்தன. கேப்டன் அலெக்சாண்டர் ரீடு அவற்றை நிருவகிக்க அமர்த்தப்பட்டார். அவருக்குக் கீழே உதவியாளராக இருந்தவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. வயல் வயலாக அளந்து, ஒவ்வொரு குடியானவரோடும் நேரடியாக வரி பேசும் ரயத்துவாரி முறைக்கு இங்கேதான் அடித்தளம் போடப்பட்டது.

அதன் விளைவு குடியிருப்பிலும் தெரிந்தது. எல்லை குறித்த துண்டு நிலம் ஒரு பெயரில் பதிவானபோது, அந்த நிலத்தில் பணமும் உழைப்பும் போடலாம் என்ற துணிவு வந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேலம் மாவட்டத்தை மிட்டாக்கள் என்னும் சிறு ஜமீன்களாகப் பிரித்து ஏலம் விட்டுப் பார்த்தார்கள். பல மிட்டாதாரர்கள் கிஸ்தி கட்ட முடியாமல் போக, அவற்றில் பெரும்பகுதி அரசிடமே திரும்பி ரயத்துவாரிக்குள் வந்தது. எஞ்சிய ஜமீன், மிட்டாக்கள் 1948ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தோடு முடிந்தன. குடியானவர் தன் செலவில் வெட்டிய கிணற்றைக் காட்டி வரியைக் கூட்டுவதில்லை என்ற கொள்கை 19ஆம் நூற்றாண்டின் நடுவில் சென்னை மாகாணத்தில் நிலைபெற்றது. சேலமும் அடங்கிய கொங்குப் பகுதியில் கிணறுகள் பெருகியதற்கு இந்தக் கொள்கையும் ஒரு காரணம். கிறிஸ்டோபர் பேக்கர் 1984இல் வெளியிட்ட தமிழகக் கிராமப் பொருளாதார வரலாற்றில் ஆற்றுப் பள்ளத்தாக்கு, சமவெளி, கொங்குநாடு என்று மூன்றாகப் பிரித்தே பேசுகிறார். கிணற்றை நம்பிய தனிக் குடும்ப வேளாண்மை கொங்கை மற்ற இரண்டிலிருந்தும் பிரித்துக் காட்டியது.

சேர்வராயன் மலை, கஞ்சமலை, ஜருகுமலை ஆகியவற்றுக்கு இடையே கிடக்கும் இந்த நிலத்தில் மேலே செம்மண், சில அடிக்குக் கீழே பாறை. கிணறு வெட்டுவது ஒரு தலைமுறை வேலை. போயர் சமூகத்தினர் உளியும் சம்மட்டியும் கொண்டு, பிறகு வேட்டு வைத்து, பாறையை உடைத்து முப்பது நாற்பது அடிக்கு இறங்கினார்கள். ஒரு கோடையில் ஊற்று கண்டால் அதோடு நிறுத்தி, தண்ணீர் வற்றிய இன்னொரு கோடையில் மேலும் ஆழப்படுத்தினார்கள். இவ்வளவு செலவு செய்த கிணற்றை இரவில் யாருமில்லாமல் விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பிப் போக மனம் வராது.

எருது பூட்டிக் கவலை இறைப்பதே குடும்பத்தை நிலத்தோடு கட்டிப்போட்டது. கிணற்று மேட்டிலிருந்து சரிந்து இறங்கும் வாரியில் இரண்டு எருதுகள் வடத்தை இழுத்து நடக்கும். தோலால் ஆன சால் நிரம்பி மேலே வந்து தும்பி வழியாகத் தொட்டியில் கொட்டும். எருதுகள் பின்னாலேயே அடிவைத்து மேலேறும். இதையே நாள் முழுதும் செய்ய வேண்டும். வெயில் ஏறுவதற்குள் பாதி வேலை முடிய வேண்டுமானால் கோழி கூப்பிடும் நேரத்துக்கே கவலை பூட்டியாக வேண்டும். அதற்கும் முன்பே எருதுகளுக்குத் தட்டுப் போட்டிருக்க வேண்டும். ஊரில் படுத்துக்கொண்டு ஒரு மைல் நடந்து வந்து இதைச் செய்ய முடியாது. ஒருவர் கிணற்றடியில் படுத்தார். பிறகு அவருக்குச் சோறு கொண்டுவரும் வேலையைக் குறைக்க அடுப்பும் அங்கே வந்தது. அடுப்பு வந்த இடத்துக்குக் குடும்பமும் வந்துவிட்டது.

அதனால் தோட்டக் குடியிருப்பு வளர்ந்த வரிசை கவனிக்கத்தக்கது. முதலில் கிணறு. அடுத்து மாடு கட்டும் கட்டுத்தரை. அதன் ஓரத்தில் ஆள் படுக்க ஒரு சாய்ப்பு. பிறகு தட்டுப்போர், எருக்குழி, ஆட்டுப்பட்டி. கடைசியில்தான் வீடு. பல குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் மாட்டுக் கொட்டாயின் ஒரு பக்கத்தில் தடுப்பு வைத்து வாழ்ந்துவிட்டு, ஒரு நல்ல விளைச்சலுக்குப் பிறகு தனி வீடு எடுத்தன. மனிதருக்கு வீடு கட்டி மிஞ்சிய இடத்தில் மாட்டைக் கட்டிய கதை இது அல்ல. மாட்டுக்கு அமைத்த இடத்தில் மனிதர் ஒண்டிக்கொண்டதுதான் இந்தப் பகுதியின் உண்மை.

எல்லாக் குடும்பங்களும் புதிதாகக் கட்டவில்லை. பலர் பழைய வீட்டை வாங்கினார்கள், அல்லது பாகப்பிரிவினையில் பெற்றார்கள். அண்ணன் தம்பிகள் பிரியும்போது ஊர் வீடு ஒருவருக்கு, தோட்டத்துச் சாய்ப்பு இன்னொருவருக்கு என்று விழும். கொங்கு நாட்டின் பங்காளிச் சண்டைகளில் நிலத்தோடு இந்த வீடுகளும் இருந்தன. ஆர். சண்முகசுந்தரம் 1942இல் எழுதிய நாகம்மாள் நாவலின் கதையே பாகம் கேட்பதிலிருந்துதான் கிளம்புகிறது. இடிந்த சாய்ப்பைப் பங்காகப் பெற்ற குடும்பம் அதைச் செப்பனிட்டுத்தான் குடிபோக வேண்டும்.

அந்தச் செப்பனிடும் வேலைக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. கூரைதான் முதல் வேலை. பனையோலையோ கரும்புச் சோகையோ வேய்ந்த கூரையானால் முழுதும் பிரித்து எறிந்துவிட்டு, வாரைகளைத் தட்டிப் பார்த்து, உளுத்ததை மாற்றி, புது ஓலை வேய வேண்டும். வைரம் பாய்ந்த பனஞ்சட்டத்தைக் கரையான் எளிதில் தொடாது. அதனால் இடிந்த வீட்டிலும் பழைய பனஞ்சட்டங்களுக்கு விலை இருந்தது. ஓட்டு வீடானால் ஓட்டை ஒவ்வொன்றாக இறக்கி, கழுவிக் காயவைத்து, உடைந்தவற்றைக் கழித்து, கைமரங்களைச் சரிபார்த்து மறுபடி அடுக்க வேண்டும். குயவர் சூளையில் சுட்ட நாட்டு ஓட்டை இரண்டு மூன்று அடுக்காக வேய்ந்தார்கள். மங்களூரில் பேசல் மிஷன் 1865இல் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலையின் பட்டை ஓடு ரயில் வழியாகப் பரவியபோது, அதை இந்தப் பக்கத்தில் சீமை ஓடு என்றார்கள். எடை குறைவு, குரங்கும் பூனையும் ஓடினாலும் எளிதில் விலகாது என்பதால் வசதி வந்தவர்கள் அதற்கு மாறினார்கள்.

கூரைக்கு அடுத்தது சுவர். ஒன்றரை முழ அகல மண்சுவரில் கரையான் ஏறிய பகுதியை மட்டும் கொத்தி எடுத்துவிட்டு, செம்மண்ணை மிதித்து, புளிக்கவிட்டு, உருண்டை பிடித்து வைத்து நிரப்பினார்கள். பூச்சுக்குச் சுண்ணாம்பு. சங்ககிரி வட்டாரத்தில் சுண்ணாம்புக்கல் நிறையக் கிடைக்கிறது. அதே கல்லை நம்பி 1963இல் இந்தியா சிமெண்ட்ஸின் சங்ககிரி ஆலை தொடங்கியது. அதற்குப் பிறகு தோட்டத்து வீடுகளில் சிமெண்டுப் பூச்சு வேகமாகப் பரவியது. ஆனால் பழைய மண்சுவர்மேல் சிமெண்டு பூசியது பல வீடுகளைக் கெடுத்தது. மண் மூச்சுவிட்டு ஈரத்தை வெளியேற்றும். சிமெண்டு அதை உள்ளேயே அடைக்கும். ஈரம் தங்கிய சுவர் உள்ளுக்குள் கரைந்து, ஒரு மழையில் பூச்சோடு சேர்ந்து பெயரும். சுண்ணாம்பு பூசிய தாத்தா காலத்துச் சுவர் நிற்பதும், சிமெண்டு பூசிய அப்பா காலத்துச் சுவர் விழுவதும் இதனால்தான்.

தரை சாணியும் மண்ணும் சேர்த்து மெழுகியது. வேலை எல்லாம் சித்திரை, வைகாசிக் கோடையில் நடக்கும். ஆடிக் காற்றுக்கு முன் கூரை நிற்க வேண்டும், ஐப்பசி மழைக்கு முன் சுவர் காய வேண்டும். ஆடியிலும் மார்கழியிலும் யாரும் குடிபோவதில்லை. குடிபுகும் விடியலில் பசுவையும் கன்றையும் வாசல் வழியாக முதலில் உள்ளே அழைத்து, பிறகு பால் காய்ச்சுவார்கள். தமிழகம் முழுதும் உள்ள சடங்குதான். மாட்டுக்காகவே இடம் மாறும் குடும்பத்துக்கு அது வெறும் சடங்காக இருந்திருக்காது.

வீட்டுக்கும் கட்டுத்தரைக்கும் இடையே உள்ள தூரம் யோசித்து வைக்கப்பட்டது. படுக்கையிலிருந்து மணியோசை கேட்க வேண்டும், சாணி வாடையும் ஈயும் அடுப்படிக்கு வரக் கூடாது. கட்டுத்தரை சற்றுச் சரிவாக இருக்கும். கோமியம் வடிந்து எருக்குழிக்குப் போகும். தாழிகள் கல்லில் செதுக்கியவை. கழுநீர், தவிட்டுத் தண்ணீர், பருத்திக்கொட்டை ஆட்டிய பால் எல்லாம் அதில்தான். நிலத்தைச் சுற்றிக் கிளுவை வேலி. போத்து நட்டால் வேர்விட்டு முள்ளோடு அடர்ந்து வளரும் கிளுவை, ஆட்டை உள்ளேயும் அயல்மாட்டை வெளியேயும் நிறுத்தியது. வேலி தாண்டி மேய்ந்த மாட்டைத் தொண்டுப்பட்டியில் அடைத்து அபராதம் வாங்கும் முறையை 1871ஆம் ஆண்டுக் கால்நடை அத்துமீறல் சட்டம் வகுத்திருந்தது. வேலி சரியில்லாத தோட்டக்காரருக்குத் தாலுகா வரை அலைச்சல் உண்டு.

கால்நடைகளில் முதலிடம் எருதுக்கு. காவிரிக் கரைக் காடுகளின் ஆலம்பாடி, அந்தியூர் மலையின் பர்கூர், தாராபுரம், காங்கயம் பக்கத்துக் காங்கயம் ஆகிய இனங்கள் சேலத்துத் தோட்டங்களுக்கு வந்தன. அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவின் மாட்டுச் சந்தை, நாமக்கல் பக்கத்துப் புதன்சந்தை போன்றவை வாங்கவும் விற்கவும் இடமாயின. நல்ல எருது ஜோடி வைத்திருப்பது குடும்பத்தின் மதிப்பு. ஆடி மாரியம்மன் பண்டிகையில் குகையிலும் செவ்வாய்ப்பேட்டையிலும் நடக்கும் வண்டி வேடிக்கையில் தெய்வ வேடங்களைச் சுமந்த வண்டிகளை இழுத்ததும் இத்தகைய எருதுகளே.

ஆடுகளில் மேச்சேரிச் செம்மறி இந்த மண்ணுக்கே உரியது. வெளிர் செம்பழுப்பு நிறம், கம்பளி இல்லாத குட்டை மயிர். இறைச்சிக்கும், அதைவிடத் தோலுக்கும் பெயர் பெற்றது. பொட்டனேரியில் அதற்கென்றே ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. வெள்ளாட்டில் சேலம் கருப்பு. விதைப்புக்கு முன் செம்மறிகளைக் காட்டில் படல் கட்டி அடைப்பார்கள். சில இரவுக்கு ஒருமுறை படலை நகர்த்திக்கொண்டே போனால் காடு முழுதும் புழுக்கையும் மூத்திரமும் சேர்ந்து உரமாகிவிடும். எருமை நெய்க்கு, பசு வீட்டுப் பாலுக்கு, கோழி விருந்துக்கும் அவசரச் செலவுக்கும். நெய்யும் முட்டையும் விற்ற காசு பெரும்பாலும் பெண்கள் கையில் நின்றது. நிலம் ஆண்கள் பெயரில் இருந்த அந்த அமைப்பில் அவர்களுக்கென்று இருந்த வருமானம் அது ஒன்றுதான். தை மாதத்தில் மாட்டுப் பொங்கலைக் கொங்கில் பட்டிப் பொங்கலாகக் கட்டுத்தரையிலேயே கொண்டாடுவதும், பட்டி பெருக வேண்டும் என்று கூவுவதும் இன்றும் தொடர்கின்றன.

இந்த வரலாற்றை நில உடைமைக் குடும்பங்களின் உழைப்பாக மட்டும் எழுதுவது நேர்மையாகாது. கவலைச் சாலைத் தைத்தவர்கள், கட்டுத்தரையை வாரியவர்கள், ஆட்டை மேய்த்தவர்கள் பெரும்பாலும் அருந்ததியர். ஆண்டுக்கு இவ்வளவு தானியம் என்று பேசி, வாங்கிய கடனுக்காகப் பண்ணையத்தில் கட்டுண்டு கிடந்தார்கள். அவர்களின் பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் வயதில் பட்டியில் படுத்தார்கள். தோட்டத்து வீட்டை எழுப்பிய கைகளுக்கு அந்த வீட்டின் முன்கூடமான ஆசாரத்தைத் தாண்டி உள்ளே போக உரிமை இருக்கவில்லை. கொத்தடிமை முறை 1976ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. திருச்செங்கோட்டுப் பக்கத்தைச் சேர்ந்த பெருமாள்முருகன் கூளமாதாரி நாவலில் இத்தகைய ஆடுமேய்க்கும் சிறுவர்களின் வாழ்வையே எடுத்துக்கொண்டார். வரலாற்று ஏடுகள் விட்டுவிட்டதை ஒரு நாவல் சொல்ல வேண்டியிருந்தது.

தோட்டத்து வாழ்க்கை எத்தனை மெல்லிய நூலில் நின்றது என்பதை 1876-78 பெரும்பஞ்சம் காட்டியது. சேலம் மாவட்டம் கடுமையாகத் தாக்கப்பட்டது. 1871 கணக்கெடுப்பில் 19 லட்சத்துக்கு மேலிருந்த மக்கள்தொகை 1881இல் 16 லட்சத்துக்கும் கீழே இறங்கியது. மக்களுக்கு முன்பே மாடுகள் செத்தன. தீவனம் இல்லை, கிணறு வற்றியது. கூரையில் வேய்ந்திருந்த தட்டையும் ஓலையையும் பிடுங்கி மாட்டுக்குப் போடுவது பஞ்சகாலத்தின் கடைசி வழி. எருது போன பிறகு கிணற்றில் தண்ணீர் ஊறினாலும் இறைக்க முடியாது. ஆள் நடமாட்டமற்ற கொட்டாய்கள் அப்போதுதான் பெருகியிருக்க வேண்டும். நில மேம்பாட்டுக் கடன் சட்டம் 1883இலும் வேளாண்மைக் கடன் சட்டம் 1884இலும் வந்தன. தக்காவி என்ற அந்த அரசுக் கடனை வாங்கிக் கிணறு வெட்டவும் மாடு வாங்கவும் வழி பிறந்தது. கைவிடப்பட்ட இடங்களைச் செப்பனிட்டு மறுபடி குடியேறுவதற்கு அந்தக் கடன் ஓரளவு கைகொடுத்தது.

வெக்கை நோயும் கோமாரியும் பஞ்சத்துக்கு அடுத்த பகை. ஊர் மந்தையில் ஒரு மாட்டுக்கு வெக்கை கண்டால் தெரு முழுதும் பரவும். தனித்திருந்த தோட்டத்துக் கட்டுத்தரைக்கு ஓரளவு பாதுகாப்பு இருந்தது. வெக்கைக்கான தடுப்பூசித் திட்டம் 1950களில் நாடு தழுவி நடத்தப்பட்டு, பல பத்தாண்டு உழைப்புக்குப் பின் இந்தியா அந்த நோயிலிருந்து விடுபட்டது. 2011இல் உலகத்திலிருந்தே வெக்கை ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

ரயில் 1861இல் சேலத்தை எட்டியது. நிலையம் நகரத்துக்கு வெளியே சூரமங்கலத்தில் அமைந்ததால் அங்கிருந்து பேட்டைக்கு வண்டி மாடுகளுக்கு வேலை கூடியதே தவிரக் குறையவில்லை. மேட்டூர் அணை 1925இலிருந்து 1934 வரை கட்டப்பட்டபோது நீர்ப்பரப்பில் மூழ்கிய ஊர்களின் குடும்பங்கள் மாடு கன்றோடு மேட்டுக்கு ஏறி, புது நிலத்தில் முதலிலிருந்து தொடங்கின. அவர்களுடையது விரும்பிப் போன குடிபெயர்ப்பு அல்ல.

விரும்பிப் போன ஒருவரும் அதே காலத்தில் இருந்தார். சேலத்தில் பெயர்பெற்ற வழக்கறிஞராகவும் நகரசபைத் தலைவராகவும் இருந்த சி. ராஜகோபாலாச்சாரி (ராஜாஜி), 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கி, நகர வாழ்க்கையை விட்டுப் பிள்ளைகளோடு அங்கே எளிய வீட்டில் குடியேறினார். நிலம் தந்தவர் புதுப்பாளையம் ஜமீன்தார் ரத்தினசபாபதி கவுண்டர். ஆசிரமத்தைத் திறந்துவைத்தவர் ஈ.வெ. ராமசாமி. பஞ்சத்தில் அடிபட்ட வறண்ட பூமிக்குக் கதர் நூற்பு வருமானம் தரும் என்பது ராஜாஜியின் கணக்கு. நோக்கம் வேறானாலும், நகரத்தில் வசதியாக இருந்த குடும்பம் வசதி குறைந்த வீட்டையும் வறண்ட நிலத்தையும் தேடிப் போனதற்கு இந்த மாவட்டத்தின் நன்கு பதிவான சான்று அதுதான்.

தோட்டத்தின் முகத்தை மாற்றியது மின்சாரம். பைக்காரா நீர்மின் நிலையம் 1930களின் தொடக்கத்திலும் மேட்டூர் நீர்மின் நிலையம் 1937இலும் இயங்கத் தொடங்கின. சுதந்திரத்துக்குப் பிறகு கம்பிகள் தோட்டம் தோட்டமாக நுழைந்தன. மோட்டார் வந்த கிணற்றில் கவலை நின்றது. வாரி தூர்ந்து புல் முளைத்தது. 1990இல் விவசாயப் பம்புசெட்டுகளுக்கு மின்சாரம் முற்றிலும் இலவசமாயிற்று. தண்ணீர் இறைக்க எருது வேண்டாம் என்றானது. உழவுக்கு டிராக்டர் வந்ததும் கட்டுத்தரையில் எருதின் இடம் காலியானது.

அந்த இடத்துக்குக் கறவை மாடு வந்தது. சேலம் மாவட்டக் கூட்டுறவுப் பால் ஒன்றியம் 1970களின் இறுதியில் உருவாகி, காலையும் மாலையும் பால் எடுக்கத் தொடங்கியது. ஜெர்சி, ஹோல்ஸ்டீன் கலப்பினங்கள் பெருகின. ஆலம்பாடி அரிதாயிற்று. இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூர், ஜாவா பக்கத்திலிருந்து ஜவ்வரிசி வரத்து நின்றபோது சேலத்தில் 1943 வாக்கில் அந்தத் தொழில் பிறந்தது. ஜவ்வரிசிக்கு வேண்டிய குச்சிக்கிழங்கு காடுகளை நிரப்பியது, ஆலையில் மிஞ்சும் திப்பி மாட்டுத் தீவனமானது. ஜவ்வரிசி ஆலைகளுக்கான சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் 1981இல் ஏற்பட்டது. நாமக்கல் பக்கம் கோழி, பட்டியிலிருந்து பண்ணைக்குப் போனது. 1985இல் அங்கே கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியது. இன்று நாள்தோறும் கோடிக்கணக்கில் முட்டை கிளம்பும் மாவட்டம் அது. விருந்துக்கு ஒரு சேவல் என்றிருந்த வீட்டின் பக்கத்திலேயே ஆயிரக்கணக்கில் கோழி அடைந்த கொட்டகை நின்றது. இந்த மாற்றம் பணம் தந்தது. கால்நடையோடு ஒரே வளவில் வாழ்வது என்ற பழைய உறவை அது கொண்டுவரவில்லை.

மறுபக்கம் நகரம் தோட்டங்களை நோக்கி நகர்ந்தது. 1866இல் நகராட்சியான சேலம் 1994இல் மாநகராட்சியானது. செவ்வாய்ப்பேட்டையின் புறக்கடைகள் பட்டறைகளாகவும் கிடங்குகளாகவும் மாறின. கடைசிப் பசுக்களும் போயின. நகரை ஒட்டிய காடுகளில் வீட்டுமனைக் கற்கள் நடப்பட்டன. குடியிருப்புத் திட்டத்துக்கு நிலத்தைப் பறிகொடுத்த வேளாண் குடும்பம் ஒன்றைப் பெருமாள்முருகன் 1991இலேயே ஏறுவெயிலில் எழுதினார். கிணறுகள் வற்றி, ஆழ்துளைக் கிணறுகள் பல நூறு அடிக்கு இறங்கின. பிள்ளைகள் படித்து வெளியூர் போக, பெரியவர்கள் காலத்தோடு பூட்டப்பட்ட ஓட்டு வீடுகள் சேலத்தைச் சுற்றிலும் நிற்கின்றன.

அந்த வீடுகளை இப்போது வேறு குடும்பங்கள் தேடி வருகின்றன. பேட்டையிலும் புதுக்குடியிருப்புகளிலும் நெருங்கி வாழ்ந்தவர்கள், ஓரிரு ஏக்கரும் பழைய வீடும் வாங்கி, நாலைந்து ஆடு, ஒரு நாட்டுமாடு, சில கோழி என்று தொடங்குகிறார்கள். கட்டுமான முறை அறிந்த கொத்தனாரும் ஓடு வேயத் தெரிந்தவரும் குறைந்துவிட்ட காலத்தில் இது முன்னைவிடக் கடினமான காரியம். நாட்டு ஓட்டுச் சூளைகள் அணைந்துகொண்டிருக்கின்றன. இடித்த வீடுகளின் பழைய ஓட்டையும் பனஞ்சட்டத்தையும் விலைக்கு வாங்கித்தான் இன்னொரு பழைய வீட்டைச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. ஆனாலும் இடிப்பதைவிடச் செப்பனிடுவது மேல். நூறு மழையைத் தாங்கிய சுவரை ஒரு மழைக்காலக் கசிவுக்காக இடிப்பது வீண்.

வாங்குகிறவர்கள் பழைய குடியானவர்களின் வரிசையையே பின்பற்றுவது நல்லது. வீட்டின் கூரையைப் பார்ப்பதற்கு முன் கிணற்றைப் பாருங்கள், அதுவும் சித்திரையில் பாருங்கள். கிணறு பொதுவானால் எத்தனை பங்கு, எத்தனை நாள் முறை என்பதைப் பத்திரத்தில் எழுதியிருக்க வேண்டும். மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்பதையும் கேளுங்கள். பட்டா, சிட்டா, அடங்கலோடு வில்லங்கச் சான்றும் ஒத்துப்போகிறதா என்று சரிபாருங்கள். ஆளும் கால்நடையும் வண்டியும் போய்வர மாமூல் தடப் பாத்தியம் உண்டு என்ற வரி பத்திரத்தில் இல்லையென்றால், சொந்தத் தோட்டத்துக்கு மாட்டை ஓட்டிப்போக நீதிமன்றம் ஏற வேண்டி வரும்.